ஒரே விசை, மூன்று குணம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். காப்பித் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பார்கள். சேர்வராயன் கோவிலுக்கும் போய் வருவார்கள். அம்மலைக் கிராமங்களின் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி யார் சிந்திக்கிறார்கள்? ஆனால் பிஸ்டலின் சூட்சுமத்தை நமக்குக் கற்பிக்க அதைவிட நல்ல உபாத்தியாயர் கிடையாது.

பயிரைக் காக்க உதவும் இத்துப்பாக்கியை 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் தனியே குறிப்பிட்டு, லைசென்ஸுக்கு வழி செய்திருக்கிறது. மருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியே இட்டுக் கெட்டித்து, குதிரையைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசையை அழுத்தியதும் குதிரை பாய்ந்து கேப்பின் மீது மோதுகிறது. மருந்து பற்றி வெடிக்கிறது. இங்கே விசைக்கு ஒரே வேலைதான்: நிறுத்தி வைத்த குதிரையை விடுவிப்பது. வெடித்து முடிந்தால் அது வெறும் இரும்புக் குழாய்.

பிஸ்டல் அப்படியன்று. 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அக்காலத்துப் பிரௌனிங் பிஸ்டல்களிலும் விசைக்கு ஒற்றை வேலையே. ஆனால் முதல் தோட்டாவுக்கு மட்டுமே மேலுறையைக் கையால் இழுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வெடியின் உதைப்பும் மேலுறையைப் பின்னே தள்ளி, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்றி, பொறியையும் தயாராக நிறுத்திவிடும். விரலைத் தளர்த்தி மீண்டும் அழுத்தினால் அடுத்த குண்டு பாயும்.

1929-ல் ஜெர்மனியின் வால்த்தர் கம்பெனி வெளியிட்ட பிஸ்டல் இரண்டாவது ரகம். தோட்டா ஏறிய பிறகும் குதிரையைத் தாழ்த்தி வைக்கலாம். முதல் அழுத்தத்தில் விசையே குதிரையை இழுக்கிறது, விசையே விடுவிக்கிறது. இரட்டை வேலையாதலால் விரலுக்குப் பலம் வேண்டும். இரண்டாவது வெடிக்கோ குதிரை ஏற்கனவே நிமிர்ந்து நிற்கிறது. லேசான அழுத்தமே போதும்.

மூன்றாவது ரகத்தில் ஒவ்வொரு அழுத்தமும் ஒரே மாதிரி. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட குளோக் பிஸ்டலில் வெளிக்குதிரையே கிடையாது. உள்ளே ஊசியின் சுருள்வில் பாதி இழுபட்டு நிற்க, மீதியை விசை இழுத்து முடிக்கிறது.

இதையெல்லாம் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? 'சுட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை' என்பது மலைத் துப்பாக்கிக்குப் பொருந்தும். பிஸ்டலிலோ அந்த நினைப்பே யமன். ஒரு முறை சுட்ட பிஸ்டல் மறு கணமே தயார். தோட்டாக் கூட்டைக் கழற்றிய பின்னும், குழலில் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே காத்திருக்கும். பல பிஸ்டல்களில் அது வெடிக்கவும் வெடிக்கும்.

ஆகவே, 'காலிதான்' என்று யார் சொன்னாலும் நம்பலாகாது. வாயை ஒருவர் பக்கமும் திருப்பாமல், விரலை விசைக்கு வெளியே வைத்து, குழலைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். யந்திரத்தின் குணம் மூன்றானாலும், மனிதனுக்கு வேண்டிய குணம் ஒன்றுதான்: நிதானம்.