தொட்டியில் காசித்தும்பை!

ஆதிகேசவப் பெருமாள் கோவில் உள்ள ஊர் திருவட்டாறு. குமரி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே பருவமழை இரண்டு. ஜூனில் ஒன்று தொடங்கும், அக்டோபரில் இன்னொன்று. தொட்டியில் பூ விதை போடுகிறவர்களுக்கு இந்த மழைதான் எதிரி! தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். முளைத்த நாற்றும் தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

முதலில் காசித்தும்பை போட்டுப் பாருங்கள். நம் நாட்டுச் செடி. முற்றிய காயைத் தொட்டால் 'பட்'டென்று வெடிக்கும். விதை நாலா பக்கமும் தெறிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்! வெடிக்கும் முன்பே பறித்து உலர்த்தினால், அடுத்த தடவை விதை வாங்கும் செலவு இல்லை.

பழைய மண்சட்டி போதும். அடியில் ஓட்டை அவசியம். அதன்மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்து, மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். விதைமேல் மண்ணை லேசாகத் தூவினால் போதும். பத்து நாளில் முளைவிடும். சுமார் இரண்டு மாதத்தில் பூக்கும்.

மழை வலுத்தால் தொட்டியைத் தூக்கித் திண்ணையில் வையுங்கள். தோட்டத்துச் செடியை அப்படித் தூக்க முடியுமா?