குளிரும் கொங்கிறீற்று அத்திவாரமும்

கொங்கிறீற்று உலர்வதாலேயே இறுகுகின்றது என்பது பலர் கொண்ட கருத்து. அது பொருந்தாது. சீமெந்தும் நீரும் தம்முட் கூடி இரசாயன மாற்றம் எய்துவதாலேயே அது இறுகுகின்றது. நீரின்கீழ் ஊற்றிய கொங்கிறீற்றும் இறுகுதல் இதற்குச் சான்றாகும். இம்மாற்றம் வெப்பத்தை வெளிவிடும். சூழலின் வெப்பம் மிகுந்தால் விரையும், குறைந்தால் தளரும். 10 பாகை சதமத்திற்குக் கீழ் அதன் வேகம் பெரிதும் குன்றும். உறைநிலையை அண்மின் ஏறக்குறைய நின்றுவிடும்.

குளிரால் விளையுங் கேடு இருவகைப்படும்: ஒன்று தாமதம், மற்றொன்று சிதைவு. தாமதித்த கொங்கிறீற்று பின்னர் வெப்பம் பெறின் வலிமை எய்தும், சிதைந்ததோ மீளாது. நீர் பனிக்கட்டியாகுங்கால் அதன் கனவளவு நூற்றுக்கு 9 பங்கு பெருகும். இளங் கொங்கிறீற்றினுள் நீர் இவ்வாறு விரியின், அப்பொழுதுதான் தோன்றிய பிணைப்புக்கள் அறும். இறுதி வலிமையிற் பாதிவரை இழக்கப்படலாம். சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 500 இறாத்தல் வலிமை எய்திய பின்னரே அது முதல் உறைதலைத் தாங்கவல்லதாகும்.

அத்திவாரத்திற்கு நிலத்தாலும் இடருண்டு. உறைந்த மண்மீது ஊற்றின், மண் கொங்கிறீற்றின் வெப்பத்தைக் கவரும். பின்னர்ப் பனி உருகுங்கால் மண் தாழ, அத்திவாரமும் சரிந்து வெடிக்கும். ஆதலின் கனடா முதலிய குளிர்நாடுகளில் வெட்டிய குழியை வைக்கோலாலோ வெப்பங் காக்கும் போர்வையாலோ மூடி, நிலம் உறையாது காப்பர். கலக்கும் நீரையுஞ் சூடாக்குவர். மணல், சல்லி என்பவற்றினும் நீரின் தன்வெப்பம் ஏறக்குறைய ஐந்து மடங்காதலின், இதுவே எளிய வழி. கல்சியங் குளோரைட்டு இறுகுதலை விரைவாக்கும். ஆயின் உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலின் கம்பியிட்ட வேலைக்கு ஏற்றதன்று.

இவ்வுண்மையைப் புறக்கணித்தலின் விளைவை அத்திவாரத்தின் மேலெழுந்த ஒரு கட்டடம் உணர்த்தியது. 1978 ஆம் ஆண்டு ஏப்பிரில் 27 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்னுமிடத்திற் குளிர்த்தற் கோபுரமொன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. சாரம் கோபுரத்தின் கொங்கிறீற்றிலேயே பிணிக்கப்பட்டிருந்தது. முதனாள் ஊற்றிய படை குளிர்ந்த இரவிற் போதிய வலிமை பெறவில்லை. மறுநாள் ஏற்றிய சுமையைத் தாங்காது இடிந்தது. சாரத்தில் நின்ற 51 தொழிலாளர் மாண்டனர். ஆராய்ந்த தேசிய நியமப் பணியகம், கொங்கிறீற்று வலிமை எய்துமுன் சுமை ஏற்றியதே பெரும்பாலும் காரணமெனக் கண்டது.

ஆகவே கொங்கிறீற்றின் முதிர்ச்சியை நாட்கணக்கால் மட்டும் அளத்தல் தவறாகும். ஊற்றிய இடத்துக் குளிரிலேயே மாதிரி உருளைகளை வைத்து, அவற்றைச் சோதித்து வலிமையை அறிந்த பின்னரே அச்சுப்பலகைகளைக் கழற்றுதலும் சுமை ஏற்றுதலும் தகும்.