நோக்கும் வினையும்

காண்டல், பார்த்தல், நோக்கல் என்னும் மூன்றும் கண்ணின் தொழில்களே. எனினும், அவற்றுள் நோக்கல் என்பது கருத்தின் செலவையும் சிறப்பாக உடன் உணர்த்தும். கண்ணின் தொழிலுக்கு நோக்கு என்றும், செயலின் குறிக்கோளுக்கு நோக்கம் என்றும் ஓரடியிற் பிறந்த பெயர்கள் வழங்குதல் கருதத்தக்கது. இவ்வுறவு சொல்லளவில் நிற்பதோ, காட்சியின் இயல்பிலும் உளதோ என்பதனையும், அதனால் ஏடு ஆய்வார் கொள்ளும் பயன் யாது என்பதனையும் ஈண்டு ஆராய்வாம். செய்யுளியலில் உறுப்பாக வைத்து எண்ணப்பட்ட நோக்கு வேறு. யாம் எடுத்துக்கொண்டது கண்ணின் நோக்கே.

கண் முன்னர்க் கண்டு தர, மனம் பின்னர் எண்ண, கை இறுதியிற் செய்யும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் முறை. இது முற்றும் பொருந்தாமையை உளநூலார் ஆய்வுகள் காட்டுகின்றன. உருசிய அறிஞர் யார்பசு, நாடு கடத்தப்பட்ட ஒருவன் எதிர்பாராது இல்லம் திரும்புதலைக் குறித்து இரேப்பின் தீட்டிய ஓவியத்தை ஒருவருக்கே பன்முறை காட்டி, முறைதோறும் வெவ்வேறு வினா விடுத்து, அவர்தம் கண்ணியக்கத்தைப் பதிவு செய்தார். ஓவியத்திலுள்ளார் அகவையை வினவியபோது கண் முகங்களிற் பெரிதும் தங்கிற்று. குடும்பத்தின் செல்வநிலையை வினவியபோது உடையிலும் அறைப்பொருள்களிலும் சென்றது. 1965-இல் வெளிவந்த அவர் நூலிற் காணப்படும் இப்பதிவுகளில் ஓவியமும் ஒன்றே, கண்ணும் ஒன்றே. வேறுபட்டது வினா மட்டுமே.

கைத்தொழிலிலும் இஃது ஒக்கும். 1999-இல் மைக்கேல் இலேண்டும் உடனாய்வாளரும் தேநீர் ஆக்குவாரின் கண்ணியக்கத்தை ஆராய்ந்தனர். கை ஒரு பொருளைக் கையாளத் தொடங்குதற்கு ஏறத்தாழ அரை நொடி முன்னரே கண் அதனை அடைந்தது. அவ்வினை முடியுமுன்னரே அடுத்த பொருளுக்குப் பெயர்ந்தது. வேண்டாத பொருள்களில் அது மிக அருகியே தங்கிற்று. செய்யப்போகும் வினையே கண்ணுக்கு வழி வகுத்தது என்க.

கருத்து ஒன்றன்கட் செல்லுங்கால் பிறிதொன்று மறைதலும் உண்டு. சைமன்சு, சாப்ரி என்னும் இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பந்து கைம்மாறுதலை எண்ணிக்கொண்டிருந்தோருள் ஏறத்தாழப் பாதியர், ஆட்டத்தினூடே மனிதக் குரங்கு வேடத்தில் நடந்து சென்ற ஒருவரைக் கண்டிலர். அற்றேல், கண் வினைக்கு முற்றும் அடிமையோ எனின், அன்று. திடீரெனத் தோன்றும் ஒளியும் அசைவும் கருத்தைத் தாமே ஈர்த்தல் உண்டு. ஆயினும், எடுத்த வினையில் ஆழ்ந்தோர்க்கு அவ்வீர்ப்பும் தப்புதல் கூடும்.

இனி, ஏடெழுதுவோன் நிலையைக் காண்போம். அவன் மூலத்தை நோக்கிச் சில சொற்களை நினைவிற் கொண்டு, தன் ஓலையில் எழுதி, மீண்டும் மூலத்துக்கு மீள்வான். மீளுங்கால் அவன் கருத்தில் நிற்பது தான் இறுதியாக எழுதிய சொல். கண்ணும் அதனையே தேடும். அச்சொல்லே சில அடிகள் கடந்து மீண்டும் வருமாயின், கண் ஆண்டுச் சென்று படிதலும், இடைநின்ற அடிகள் விடுபடுதலும் நேரும். இவ்வழுவைச் சோம்பல் என்று இகழ்தல் பொருந்தாது. தேடிய சொல்லைக் கண் கண்டதனால் விளைந்த வழு இது.

பதிப்பாசிரியரும் இதற்கு விலக்கல்லர். பழைய ஏடுகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்பெறாமையின் எகர ஏகாரங்கள் வேறுபாடின்றி நிற்கும். காலும் ரகரமும் ஒரு வடிவினவாம். ஆண்டெல்லாம் எழுத்தைத் துணிவது படிப்போன் கருத்தே. தான் எதிர்பார்த்த பாடத்தையே ஏட்டிற் கண்டதாக அவன் உண்மையாகவே நம்புதல் கூடும். ஒருவர் துணிந்த பாடம் அச்சேறியபின் பலர்க்கும் மூலமாகிவிடுமாதலின், இது சிறு பிழையன்று.

ஆதலின், பொருளுணர ஒருமுறையும், எழுத்தை மட்டும் காண மற்றொருமுறையுமாக ஏட்டை இருவேறு நோக்கத்தோடு படித்தல் வேண்டும். ஒருவர் படிக்க மற்றொருவர் ஏட்டைப் பார்த்தல் இன்னும் நன்று. இப்பணிக்கு ஒப்புநோக்கல் என்று பெயர் வழங்குதல் மிகப் பொருத்தமே. கண்ணை ஏட்டின்கண் வைத்தல் மட்டும் போதாது. எதனை நாடி வைத்தோம் என்பதனையும் ஆய்வோன் தன்னைத்தான் வினவிக் கொள்ளுதல் கடனாம்.