மருத்துவமனைக்கு வெளியே தொடரும் செலவு

சாலை விபத்தில் கால் முறிந்தவருக்கு ஆகும் செலவில் மருத்துவமனை பில் ஒரு பகுதிதான். பிளேட் வைத்துத் தைத்து அனுப்பிய பிறகு பிசியோதெரபி, மறு அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் வராத கூலி, துணைக்கு இருக்க வேலையை விட்ட மனைவி, அடகுக் கடைக்குப் போன நகை என்று அது கிளை விட்டுக்கொண்டே போகும். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். 4,43,366 பேர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கே முதலிடம்: 64,105. பெரும்பாலான நாடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 சதவீதத்தைச் சாலை விபத்துகளுக்குப் பறிகொடுப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அடகு வைத்த நகை அந்தக் கணக்கில் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

முதல் 48 மணி நேரச் செலவுக்குத் தமிழ்நாட்டில் வழி உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் வரம்புக்கு உட்பட்டுக் கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். தூக்கிவந்து சேர்ப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைப் போலீசார் கட்டாயப்படுத்த முடியாது.

மீதிச் செலவுக்கு இழப்பீடுதான் வழி. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நடந்த ஊரிலோ தாம் வசிக்கும் ஊரிலோ மனு போடலாம். யார் தவறு என்று நிரூபிக்காமலேயே படுகாயத்துக்கு 2.5 லட்சம், இறப்புக்கு 5 லட்சம் ரூபாய் கேட்க 164-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இடித்த வண்டி நிற்காமல் போய், அடையாளமும் தெரியாவிட்டால் படுகாயத்துக்கு 50,000, இறப்புக்கு 2 லட்சம். சிகிச்சைச் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

தவறை நிரூபித்துக் கேட்கும் வழக்கில் பலர் கோட்டைவிடுவது வருமான இழப்பில்தான். மருத்துவச் சான்றிலுள்ள ஊனச் சதவீதத்தையே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடது கையை இழந்த ஓட்டுநருக்குப் பிழைப்பே போய்விடும். அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் நீடிக்கலாம். ஆகவே முன்பு செய்த வேலைக்கும் வாங்கிய கூலிக்கும் ஆதாரம் வேண்டும். எப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீது, ஆட்டோ வாடகைச் சீட்டு வரை எடுத்து வைப்பது நல்லது. மனு போடச் சட்டம் தரும் 6 மாதக் கெடு விபத்து நடந்த நாளிலிருந்தே ஓடுகிறது. கட்டுப் பிரிக்கும்வரை அது காத்திருக்காது.