'ஐஎஸ்ஓ 9001' போட்டிருந்தா ஃபிலிம் ரோல் தரமா இருக்குமா? 300 ரூபாய் கூடக் கொடுக்கும் முன் படிங்க!

சம்பளம் வந்ததும் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வாங்கணும்னு இப்போ நிறைய பேருக்கு ஆசை. தப்பில்லை. ஆனா பர்ஸைக் காலி பண்றது கேமரா இல்லை, ரோல்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 36 படம் எடுக்கும் ரோல் 1,200 ரூபாய், டெவலப் பண்ணி ஸ்கேன் எடுக்க 600 ரூபாய்னு வச்சுக்கோங்க. மொத்தம் 1,800. அதாவது ஒரு க்ளிக்குக்கு 50 ரூபாய்! மாசம் ரெண்டு ரோல்னா வருஷத்துக்கு 43,200 ரூபாய்.

இப்போ கடையில ரெண்டு ரோல் இருக்கு. ஒன்றில் 'ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்ற நிறுவனம்' என்று போட்டு, 300 ரூபாய் கூட விலை. கொடுக்கலாமா?

முதல்ல ஒரு குழப்பம்

ஃபிலிம் டப்பாவில் ஐஎஸ்ஓ 200, ஐஎஸ்ஓ 400 என்று இருக்குமே, அது வேற. அந்த ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமா உணரும் என்பதற்கான அளவு. 400 என்றால் 200-ஐ விட இரண்டு மடங்கு வேகம், அவ்வளவுதான். தரத்துக்கான மார்க் இல்லை.

9001 என்ன சொல்லுது?

1987-ல் முதலில் வந்த இந்தத் தர நிர்ணயம், ஒரு நிறுவனம் தன் வேலையை எப்படி நிர்வகிக்கணும்னு சொல்லுது. செய்முறையை வரையறுத்து அதன்படி நடக்கிறாங்களா, புகார் வந்தா காரணம் கண்டுபிடிச்சு சரி பண்றாங்களா என்று பார்ப்பாங்க. சான்றிதழை ஐஎஸ்ஓ அமைப்பே கொடுப்பதில்லை. தனி தணிக்கை நிறுவனங்கள்தான் கொடுக்குது. படம் எவ்வளவு துல்லியமா வரணும், கலர் எப்படி இருக்கணும் என்று அதில் ஒரு வரிகூட கிடையாது.

ஒரு ஹோட்டல்ல தினமும் சாம்பாரில் ஒரே அளவு உப்பு அதிகமா போடுறாங்கன்னு வைங்க. முறை மாறவே இல்லை. ஆனா சாம்பார் உங்களுக்குப் பிடிக்குமா?

தங்க நகையில் இருக்கும் ஹால்மார்க் அந்த நகையின் சுத்தத்தைச் சொல்லும். 9001 கம்பெனியின் நிர்வாகத்தைச் சொல்லும். வித்தியாசம் இதுதான்.

அப்போ வேஸ்ட்டா?

அப்படியும் இல்லை. முழு இருட்டில் பல அடுக்குகளாகப் பூசித் தயாரிக்கும் பொருள் ஃபிலிம். வாங்கும் முன் சோதிச்சுப் பார்க்கவும் முடியாது. வெளிச்சம் பட்டா முடிஞ்சுது. அதனால் ஒவ்வொரு ரோலும் ஒரே மாதிரி வருவது முக்கியம். அதுக்கு ஒழுங்கான நிர்வாகம் உதவும்.

ஆனா ரெண்டு விஷயம். ஒன்று, சான்றிதழ் யாருடையது? வேறொருவர் தயாரித்த ஃபிலிமை வாங்கி, டப்பா மாற்றி விற்கும் கம்பெனியா இருந்தா, அது அவங்க பேக்கிங் வேலைக்கு மட்டும் வாங்கினதா இருக்கலாம். சான்றிதழில் எந்தெந்த வேலைக்கு என்று எழுதியிருக்கும், படிங்க. இரண்டு, ஃபேக்டரியை விட்டு வந்தபின் கடையின் வெயிலில் காய்ந்த ரோலை எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது.

வாங்கும்போது இதைப் பாருங்க

1. காலாவதி தேதி.
2. கடைக்காரர் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்கிறாரா?
3. கல்யாணம், டூர் போன்ற முக்கிய வேலைக்கு ஒரே பேட்ச் எண் உள்ள ரோல்கள்.
4. புது பிராண்டா? முதலில் ஒரே ஒரு ரோல் வாங்கி எடுத்துப் பாருங்க. அப்புறம் ஐந்து வாங்கலாம்.

விலை ஒன்றானால் சான்று உள்ளதை எடுங்க. அந்த ஒரு வரிக்காக மட்டும் 300 ரூபாய்? வேண்டாம்.

இதே கண்ணோட உங்க முதலீட்டையும் பாருங்க. 'நாங்க ஐஎஸ்ஓ 9001 நிறுவனம்' என்று யாராவது பணம் கேட்டா, அது லாபத்துக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இல்லை. முதலீட்டு ஆலோசகர்னா செபி பதிவு இருக்கா, இன்சூரன்ஸ்னா க்ளெய்ம் எவ்வளவு கொடுத்திருக்காங்க என்று கேளுங்க. சுவரில் மாட்டின சான்றிதழை அப்புறம் பார்த்துக்கலாம்.

இதே கணக்கை நம்ம சேனல் வீடியோவிலும் பார்க்கலாம்.