ஏழாவது மலைக்கு முன்னாலும் திரும்பலாம்

தை முடியும் தறுவாயில் கொங்கு நாட்டில் ஒரு கேள்வி ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்துவிடும். “இந்த வருஷம் மலைக்குப் போறீங்களாங்க?” எந்த மலை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில், ஈரோட்டு மஞ்சள் மண்டியில், பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் நாலு பேர் சேர்ந்தால் போதும், வேன் பேசிவிடுவார்கள். சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு புறப்பட்டு, பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் தாண்டி ராத்திரி பத்து மணிக்கு வெள்ளியங்கிரி மலையின் பூண்டி அடிவாரத்தில் இறங்குவார்கள். வெள்ளியங்கிரி ஆண்டவரைக் கும்பிட்டு, ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, விடியும்போது கடைசியான ஏழாவது மலையில் இருக்க வேண்டும் என்று ஏற ஆரம்பிப்பார்கள்.

அத்தனை பேர் மனதிலும் இருப்பது உச்சி ஒன்றுதான். இறங்குவதைப் பற்றி வேனில் யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பேசத்தான்.

வெள்ளியங்கிரிக்குப் போகும் பலருக்கு அது எவ்வளவு பெரிய ஏற்றம் என்பதே தெரியாது. வேல்ஸ் நாட்டின் மிக உயர்ந்த மலையான ஸ்னோடனை எடுத்துக்கொள்வோம். உயரம் 1,085 மீட்டர். லான்பெரிஸ் என்ற சிற்றூரிலிருந்து உச்சிக்குப் போய்வர 14 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஆனால் ஏற வேண்டிய உயரம் ஆயிரம் மீட்டருக்குள்தான். 1896 முதல் உச்சிக்கு ரயில் பாதையும் இருக்கிறது. அப்படிப்பட்ட மலைக்கே வானிலை பார்த்து, வரைபடமும் மழைச்சட்டையும் டார்ச்சும் விசிலும் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அப்படியும் லான்பெரிஸ் மலைமீட்புக் குழுவின் தன்னார்வலர்களுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கிறது. நம் வெள்ளியங்கிரியில் ஒரு வழித் தூரம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான். ஆனால் உச்சி கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் நிற்கிறது. அடிவாரத்திலிருந்து கணக்குப் பார்த்தால் ஏற்றம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். தூரம் குறைந்து உயரம் கூடினால் பாதை செங்குத்தாகத்தானே இருக்கும்? அந்த ஏற்றத்தைத்தான் நாம் வாரம் முழுக்க நின்ற காலோடு, தூக்கம் இல்லாமல், இருட்டில் ஏறுகிறோம்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். வெள்ளியங்கிரிக்கு இதைப் போட்டுப் பார்த்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதுவும் நல்ல உடல்கட்டு உள்ளவர், எங்கும் நிற்காமல், நெரிசல் இல்லாத பாதையில் ஏறினால். சித்ரா பௌர்ணமி இரவில் முதல் மலைப் படிகளில் முன்னால் போகிறவர் கால் எடுத்தால்தான் நாம் கால் வைக்க முடியும். ஐந்து மணி நேரமாவது ஒதுக்குங்கள். இறங்க இன்னும் நான்கு மணி நேரம் சேருங்கள்.

முதல் மலைதான் ஆளைச் சோதிக்கிறது. ஒரே உயரத்தில் இல்லாத கருங்கல் படிகள். ஒன்று அரை முழம், அடுத்தது முழங்கால் வரை. மரங்கள் அடர்ந்து காற்று வராத இடம். வெள்ளை விநாயகர் கோயிலை அடைவதற்குள் சட்டை பிழிகிற அளவு நனைந்துவிடும். புதிதாக வருகிற பையன்கள் இங்கேதான் போட்டி போட்டு ஓடுகிறார்கள். பழக்கப்பட்ட கொங்குப் பெரியவர்கள் தடியை ஊன்றி, இருபது படிக்கு ஒரு தடவை நின்று, “பையப் போலாம் கண்ணு, மலை எங்கீம் போயிராது” என்பார்கள். இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி. மூச்சிரைக்காமல் பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு திக்கினால் நின்றுவிடுங்கள்.

பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று வழியில் தண்ணீர் உண்டு. சீசனில் சுக்குக் காப்பிக் கடையும் எலுமிச்சை ஜூஸ் கடையும் உண்டு. இருந்தாலும் இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டிலில் தனியாக இருக்கட்டும். நான்காவது மலைக்கு மேல் மரங்கள் விலகிப் புல்வெளி வருகிறது. காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதுவரை வியர்த்து நனைந்த சட்டையோடு வந்தவருக்கு அங்கே நடுக்கம் எடுக்கும். மாற்றுச் சட்டை ஒன்றும் தலைக்குக் கட்ட ஒரு துண்டும் இருந்தால் போதும். பலர் அதைக்கூட எடுத்து வருவதில்லை. ஆறாவது மலை பெரும்பாலும் இறக்கம். ஆண்டி சுனையின் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவது வழக்கம். உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் குளியலை விட்டுவிடுவதில் தெய்வக் குற்றம் ஒன்றுமில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆறாவது மலையில் சந்தோஷமாக இறங்குகிறோமே, திரும்பும்போது அது ஏற்றம்.

மேலே ஆக்ஸிஜன் குறைவு, அதனால்தான் ஆட்கள் விழுகிறார்கள் என்று அடிவாரத்தில் அடிக்கடி கேட்கலாம். 6,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது. உயர்மலை நோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான் தலைகாட்டும். ஊட்டி அந்த 8,000 அடியைவிடச் சற்றே தாழ்ந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் காற்று அல்ல. பழக்கமில்லாத இதயத்தின் மேல் ஒரே ராத்திரியில் ஏற்றுகிற சுமை, தூக்கமின்மை, வறண்ட உடம்பு, தெரியாமல் இருக்கிற ரத்த அழுத்தம், இவைதான். 2024-ஆம் ஆண்டு சீசனில் பலர் இந்த மலையில் உயிரிழந்தார்கள். அதையடுத்து இதய நோய், மூச்சுத்திணறல், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம், தனியாக வர வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது. நாற்பது வயது தாண்டியவர் ஒரு இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேனில் ஏறட்டும். வீட்டில் இருக்கிறவர்களுக்காகவாவது இதைச் செய்ய வேண்டும்.

பயிற்சிக்கு வெளியூர் போகத் தேவையில்லை. மருதமலையில் 837 படி இருக்கிறது. சென்னிமலையில் 1,320. காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு இரண்டு மாதத்துக்கு வாரம் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். இறங்குவதும் முக்கியம். ஏறும்போது நெஞ்சு படுகிற பாடு இறங்கும்போது முழங்காலுக்கு வந்துவிடும்.

இனி உள்ளபடியே பேச வேண்டிய இடம். நான்காவது மலையில் ஒருவருக்கு நெஞ்சு அடைக்கிறது. செல்போன் சிக்னல் ஓரிடத்தில் உண்டு, ஓரிடத்தில் இல்லை. சாலை இல்லை, ஆம்புலன்ஸ் வராது. டோலி கட்டித் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கித்தான் இறக்க வேண்டும். நாம் தடியோடு தடுமாறுகிற அதே படிகளில், இருட்டில், ஒரு ஆளைச் சுமந்துகொண்டு. மணிக்கணக்கில் ஆகும். மாரடைப்புக்கு அந்த மணிக்கணக்கு கிடைப்பதில்லை. ஆகவே மலையில் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, உடம்பு முதல் குறி காட்டியதுமே அவரைத் திருப்பிக் கூட்டி வருவது. கூட ஒருவர் கட்டாயம் இறங்க வேண்டும். “நீங்க இங்கயே உக்காந்திருங்க, நாங்க போயிட்டு வந்தர்றோம்” என்று விட்டுப் போகக் கூடாது. இந்த மலை இருக்கும் போளுவாம்பட்டி வனச்சரகம் யானை நடமாடும் காடு.

புறப்படும் முன்பே குழுவாக உட்கார்ந்து இதைப் பேசிவிட வேண்டும். யார் திரும்பினால் யார் கூட வருவது, எத்தனை மணிக்கு மேல் ஏறுவதில்லை என்று. அடிவாரத்தில் பேசியிருந்தால் மேலே வெட்கம் குறுக்கே வராது. வேண்டுதலோடு வருகிறவர்களுக்குத் திரும்புவது கஷ்டம்தான். பத்து வருஷமாகப் போகிறவர் பாதியில் இறங்கினால் ஊரில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். அடிவாரக் கோயிலில் இருப்பவரும் வெள்ளியங்கிரி ஆண்டவர்தான்.

விடியலை மேலே பார்க்கிற ஆசை எனக்கும் உண்டு. கிழக்கே கோவைச் சமவெளி மெல்லத் துலங்கும். மேற்கே சிறுவாணி அணையின் நீர் தெரியும். ஆனால் அதற்காக ராத்திரி ஏறுவதானால் அன்று பகலில் நாலு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடிவாரத்தில் படுத்துத் தூங்கிவிட்டு விடிகாலை நாலு மணிக்கு ஏறுங்கள். மலையேற அனுமதி பிப்ரவரி முதல் மே வரைதான். அதில் சித்திரை வெயிலும் மே மாத இடிமழையும் வருவதற்கு முந்தைய மாசி, பங்குனி வாரநாட்கள் என் தேர்வு. ஆனால் அது புல் காய்ந்து கிடக்கிற காலம், ஒரு பீடித் துண்டு காட்டையே கொளுத்திவிடும். பெண்கள் மலையேறுவதில் வயதைப் பார்க்கிற நெடுநாள் வழக்கம் இருக்கிறது; நடைமுறையைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். பையைச் சோதிக்கும் வனத்துறையினர் தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி டெபாசிட் வாங்குவார்கள். பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கிடைக்கும். நொய்யல் ஆறு பிறக்கிற மலை இது, குப்பை போடக் கூடாது.

திட்டத்தில் கடைசியாக ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: வண்டியை யார் ஓட்டுவது? ராத்திரி முழுக்க ஏறி, காலை பதினோரு மணி வெயிலில் இறங்கி, சாப்பிட்ட கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு ஈரோட்டுக்கும் தாராபுரத்துக்கும் கிளம்புகிற பையன்களைப் பார்க்கும்போது மலையைவிட அந்தச் சாலைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மலையேறாத ஓட்டுநர் ஒருவரைக் கூட்டி வாருங்கள். இல்லையென்றால் பூண்டியிலிருந்து கோவை காந்திபுரத்துக்குப் பஸ் இருக்கிறது, ஏறி உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வரலாம்.