பூட்டிய அலமாரியும் பிஞ்சுக் கைகளும்

நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே என்பது, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் முதலாவதாகும். ஆயினும், குழந்தைகள் கிழித்துவிடுவர் என்ற அச்சம் தொடக்கப் பள்ளி அலமாரிகள் பலவற்றைப் பூட்டி வைக்கிறது. கிழிந்த தாளை ஒட்டிவிடலாம். எட்டு வயதில் அறுந்துபோன ஆர்வத்தை ஒட்டுவது அரிது.

குழந்தையை அமைதியாக உட்கார்ந்து படிக்கச் சொன்னால் மட்டும் போதாது. அதன் கைக்கு வேலை தர வேண்டும். நூல் வழங்கும் பதிவேட்டை ஐந்தாம் வகுப்பு மாணவரே எழுதலாம். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு அவர்கள் கதை வாசித்துக் காட்டலாம். படித்த கதையை முடிவு மாற்றி நடிக்கலாம்.

இவற்றினும் சிறந்ததாக நான் கருதுவது ஒன்றுண்டு. வீட்டுப் பெரியோரிடம் விடுகதைகள் கேட்டு, ஆளுக்கொரு தாளில் எழுதிப் படம் வரைந்து, தைத்து அட்டையிட்டு, வரிசை எண்ணும் இட்டு, அலமாரியில் மற்ற நூல்களோடு வைப்பதே அது. தன் புத்தகத்தை யார் எடுத்தார்கள் என்று பார்க்கக் குழந்தை மீண்டும் மீண்டும் வரும். வந்த இடத்தில் பக்கத்து நூலையும் புரட்டும். எழுத்தறியாப் பாட்டியும் அந்நூலின் ஆசிரியர்களுள் ஒருவராவார்.

நம்மில் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருப்பவர்கள். அலமாரிச் சாவி நம் கைக்கு வரும் நாளில், முதல் வேலையாக அதைத் திறந்து வைப்போமாக!